முதல் காரால் நின்றுபோன கலியாணத்தின் விபரம்

மனோர் பார்க்,
லண்டன்.
சித்திரை மாதம், செவ்வாய்க்கிழமை

பெருமதிப்பிற்குரிய ஸ்ரீஸ்கந்தராஜா அத்தான் அவர்கட்கு,

மைத்துனன் தில்லையம்பலம் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. சேர்ச் றோட்டு முருகன் அருளால் உடம்பளவில் இங்கு எல்லோரும் நலம். என் முழங்காலும் தவமலரின் சீனி வருத்தமும் போன வருடம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அங்கு ஸ்காபரோவில் பனி கரைந்து, அக்காவும் நீங்களும் வெளியே நடக்கத் தொடங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். என்னைக் குடும்ப வட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். நீக்கியவர் என் மனைவி தவமலர்தான். காரணம் கீழே வரும். ரெலிபோனில் சொல்லலாம் என்றால், நீங்கள் எடுத்த உடனே அக்காவிடம் கொடுத்துவிடுவீர்கள், அக்கா அழத் தொடங்கிவிடுவா, பிறகு விஷயத்தைச் சொல்ல ஏலாது. ஆகவே எழுதுகிறேன். விஷயம் இதுதான்: எங்கள் மகன் கீர்த்தனனின் கலியாணம் நின்றுவிட்டது. வைகாசியில் வருவதற்கு நீங்கள் விமான டிக்கெட் எடுக்க வேண்டாம். எடுத்திருந்தால் திருப்பிக் கொடுக்கலாமா என்று ஏஜன்சிக்காரனிடம் விசாரியுங்கள். என்ன நடந்தது என்று மற்றவர்கள் வாயால் கேட்பதற்கு முன்னர் என்னிடமிருந்தே அறிந்துகொள்வது நல்லது என்பதால் முழுவதையும் எழுதுகிறேன். நான் கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை.

பெண் ஷெறோன் என்பது உங்களுக்குத் தெரியும். ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிற சவிரிமுத்தரின் ஒரே மகள், ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்கிறவள். எங்கள் வீட்டுக்கு முதல்முதல் வந்த அன்றே நான் மாடிப்படியால் இறங்குவதைப் பார்த்துவிட்டு, "மாமா, நீங்கள் பிழையான காலை முன்னுக்கு வைக்கிறியள்" என்று சொல்லி, சரியான காலையும் காட்டித் தந்தவள். நல்ல பிள்ளை. அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அவர்கள் மன்னார்க் கத்தோலிக்கர், நாங்கள் சைவர் என்றபடியால், இரண்டு வீட்டாரும் முதலில் சந்திக்கிற நாளில் சமயத்தைப் பற்றிப் பெரிய பிரச்சினை வரும் என்று நான் ஒரு கிழமையாக ஆயத்தம் செய்திருந்தேன். அவர் இப்படிக் கேட்டால் நான் இப்படிச் சொல்லவேண்டும் என்று குளியலறையில் சொல்லிப் பார்த்தும் வைத்திருந்தேன். அங்கே போனால், இரண்டு பக்கமும் "கோயில், கோயில்" என்றே கதைத்ததால் எந்தக் கோயில் என்று கொஞ்ச நேரம் ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்கியபோது பிரச்சினை முடிந்துபோயிருந்தது. "காலமை எங்கடை கோயிலிலை பூசை, பின்னேரம் மண்டபத்திலை தாலி. இல்லாட்டி மாறி. எது முதல் எண்டதிலை எனக்கு ஒரு பிடிவாதமும் இல்லை அண்ணை" என்று சவிரிமுத்தர் சொன்னார். அவ்வளவு நல்ல மனுசன் என்று நான் தவமலரின் காதில் சொன்னேன். தேத்தண்ணீரும் மரக்கறி ரோல்சும் வந்தன. அத்தோடு எழும்பி வந்திருக்கலாம். ஆனால் சவிரிமுத்தரின் மனைவி அருள்மலர், சும்மா கதைக்கு, "மாப்பிள்ளை மண்டபத்துக்கு என்னத்திலை வரப்போறார்?" என்று கேட்டுவிட்டா.

அத்தான், ரொம்பர்ட் றோட்டில் பெற்றோல் செட்டை நான் எத்தனை வருடம் நடத்தினேன் என்பது உங்களுக்குத் தெரியும். பெற்றோல் விற்றவனுக்குக் காரைப் பற்றி ஒரு கருத்து இருக்கும். ஓய்வெடுத்த பிறகு அதைப் பற்றி நிறைய வாசித்தும் இருக்கிறேன். வாசலில் நிற்பதும் பென்ஸ்தான், பழையது என்றாலும். ஆகவே நான் சொன்னேன்: எசெக்சில் ஒரு வெள்ளைக்காரர் இருக்கிறார், உலகத்தின் முதல் பெற்றோல் காரை அச்சொட்டாகச் செய்து வைத்திருக்கிறார், கலியாணங்களுக்கு வாடகைக்கும் விடுகிறார். மூன்று சில்லு, இரண்டு பேர் இருக்கலாம், முன்னால் ஸ்டியரிங்குக்குப் பதிலாக ஒரு கைபிடி. ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தாறில் ஜேர்மனியில் மன்ஹைம் என்ற ஊரில் கார்ல் பென்ஸ் பதிவுசெய்த கார் அது. எங்கள் பிள்ளை அதில் வந்து இறங்கினால் லண்டனில் எந்தத் தமிழ்க் கலியாணத்திலும் நடக்காதது நடந்ததாக இருக்கும் என்றேன். பேர்த்தா அம்மாவின் கதையையும் சொன்னேன். அது கார்ல் பென்சின் மனைவி. புருசன் வண்டியை ஓடவிடாமல் கொட்டிலுக்குள் வைத்துத் துடைத்துக்கொண்டிருக்க, அந்த மனுசி அவருக்குச் சொல்லாமல், இரண்டு மகன்மாரையும் ஏற்றிக்கொண்டு விடியப்புறம் தாய்வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனதையும், குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்ததையும், ஏற்றத்தில் பிள்ளைகள் இறங்கித் தள்ளியதையும், பெற்றோல் செட் என்று ஒன்று உலகத்திலேயே இல்லாததால் வழியில் ஒரு மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கியதையும் விபரமாகச் சொன்னேன். இந்தக் கதையை நான் எங்கே சொன்னாலும் நல்ல வரவேற்பு இருக்கும்.

தவமலர், "அப்ப ஓடினது மனுசி, பேர் புருசனுக்கோ?" என்றா. அருள்மலர் சிரித்தா. இரண்டு பேரும் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார்கள். அன்றைக்குப் போனவர்கள், ஒருவகையில் சொல்லப்போனால், இன்னும் வெளியே வரவில்லை.

சவிரிமுத்தர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார்: "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. முதல் கார் பென்ஸ் இல்லை."

"பிறகு ஆர்?"

"மார்க்கூஸ். சீக்பிரீட் மார்க்கூஸ். வியன்னாவிலை."

நான் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் கேள்விப்படாத மாதிரி இருந்தேன். சவிரிமுத்தர் லண்டனுக்கு வருவதற்கு முன்னர் எண்பதுகளில் வியன்னாவில் அகதியாக இருந்தவராம். வதிவிடப் பேப்பர் கிடைக்கும்வரை வேலை செய்ய ஏலாது, விடுதியில் பகலில் இருக்க விடமாட்டார்கள். "அந்தக் குளிருக்குள்ளை எங்களை வெளியிலை போ எண்டு சொல்லாத கட்டிடம் ரெண்டுதான் அண்ணை. ஒண்டு கோயில், மற்றது மியூசியம். கோயிலிலை இருந்தால் நித்திரை வந்திடும். மியூசியத்திலை அந்தக் காருக்கு முன்னாலை இருக்கிறதுக்கு ஒரு வாங்கு போட்டிருந்தது. அதிலை இருந்து அதைப் பாத்துக்கொண்டே இருப்பன். எனக்கு அந்தக் காரிலை ஒவ்வொரு ஆணியும் தெரியும்" என்றார். ஆயிரத்து எண்ணூற்று எழுபதிலேயே அந்த மார்க்கூஸ் ஒரு கைவண்டியில் பெற்றோல் எஞ்சினைப் பூட்டி ஓட்டிப் பார்த்தாராம். பிறகு எழுபத்தைந்தில் இருக்கையும் ஸ்டியரிங்கும் வைத்து ஒரு முழுக் கார் செய்தாராம். அதுதான் அந்த மியூசியத்தில் நிற்பது. பென்சுக்குப் பதினொரு வருடம் முந்தியது என்று விரல் விட்டுக் காட்டினார். கைவண்டியில் எஞ்சினைப் பூட்டினால் அது கார் ஆகாது, கைவண்டிதான் என்று நான் சொன்னேன். "அப்ப மூண்டு சில்லிலை ஓடினால் அது ஓட்டோ" என்று அவர் சொன்னார். மூலையில் இருந்த கீர்த்தனனும் ஷெறோனும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

அதன் பிறகு நடந்தவற்றில் என் பங்கும் இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. கலியாண வேலைக்கென்று கீர்த்தனன் ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கி அதில் இரண்டு குடும்பத்தையும் சேர்த்திருந்தான். நான் அதில் பென்ஸ் காரின் படங்களையும் பதிவுப் பத்திரத்தின் படத்தையும் போட்டேன். சவிரிமுத்தர் மார்க்கூஸின் படத்தைப் போட்டார். நான் பேர்த்தா அம்மாவைப் போட்டேன். அவர் வியன்னாவில் இருக்கிற மார்க்கூஸின் சிலையைப் போட்டார். அந்தக் குழுவில் சாப்பாட்டுக்காரனும் இருந்தது எங்கள் இருவருக்கும் தெரியாது. அவன், "அண்ணை, இது சாப்பாட்டு விஷயமோ? எத்தனை பேருக்கு?" என்று கேட்டான். அன்றைக்குத்தான் தவமலர் எங்கள் இருவரையும் அந்தக் குழுவிலிருந்து எடுத்தா. எடுக்கிறபோது கை பழகிவிட்டதோ என்னவோ, மற்றக் குடும்பக் குழுவிலிருந்தும் என்னை எடுத்துவிட்டா. கோயிலில் ஐயரிடம் கேட்டேன். அவர், "எந்த வருசக் காரெண்டாலும் சில்லுக்கொரு எலுமிச்சம்பழம். மூண்டு சில்லெண்டால் மூண்டு பழம். அதுக்கு மேலை எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டார். சவிரிமுத்தரும் தன்னுடைய சுவாமியாரிடம் கேட்டிருக்கிறார். அவர் இரண்டு பேருக்காகவும் செபிக்கிறதாகச் சொன்னாராம்.

பிள்ளைகள்தான் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நகரத்துக்குள் ஒரு பெரிய மியூசியத்தில் பென்சின் பழைய கார் ஒன்று நிற்கிறது, இரண்டு பேரும் போய்ப் பாருங்கள், அங்கே விபரம் தெரிந்தவர்கள் இருப்பார்கள், கேளுங்கள், முடியுங்கள் என்றார்கள். நானும் சவிரிமுத்தரும் ஒரு சனிக்கிழமை வெளிக்கிட்டுப் போனோம். நான் மனோர் பார்க்கில் ரெயில் ஏற, அவர் ஃபாரஸ்ட் கேட்டில் அதே பெட்டியில் ஏறினார். எனக்கு ஒரு தோடம்பழம் உரித்துத் தந்தார். போகும்போது நல்லாகத்தான் கதைத்துக்கொண்டு போனோம்.

கார் அங்கே நின்றது. படத்தில் பார்த்ததைவிடச் சின்னது. அதைக் கண்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எத்தனை ஆயிரம் கார்களுக்குப் பெற்றோல் அடித்திருப்பேன், அவற்றுக்கெல்லாம் கொப்பாட்டன் மாதிரி ஒன்று என் முன்னால் நிற்கிறது. எஞ்சினைப் பார்க்கக் கொஞ்சம் குனிந்தேன். குனிந்ததில் முழங்கால் பிடித்துக்கொண்டது, காரைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தேன், கயிறு கம்பத்தோடு வந்தது, எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. சவிரிமுத்தர்தான் என்னைப் பிடித்து நிமிர்த்தினார். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் ஓடி வந்தாள். நாங்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வந்ததும் வந்தோம் என்று அவளிடமே கேள்வியைக் கேட்டோம். முதல் பெற்றோல் கார் எது?

அந்தப் பிள்ளை எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "முதல் என்றால் எதைச் சொல்கிறீர்கள்? முதலில் அசைந்ததா, முதலில் விற்கப்பட்டதா, போய்விட்டுத் திரும்பி வீட்டுக்கு வந்ததா?" என்று கேட்டாள். மார்க்கூஸ் எழுபதில் கைவண்டியில் எஞ்சின் பூட்டியது சரி, படம் இருக்கிறது, ஆனால் அதைத் தொடக்குவதென்றால் பின்சில்லுகளை ஆட்கள் தூக்கிப் பிடிக்கவேண்டும் என்றாள். இருக்கை வைத்த மற்றக் காரை நெடுங்காலம் எழுபத்தைந்து என்றுதான் சொல்லி வந்தார்கள், பிறகு ஆராய்ந்து பார்த்ததில் அது எண்பத்தெட்டு எண்பத்தொன்பதில் செய்யப்பட்டது என்று கண்டுபிடித்தார்கள் என்றும் சொன்னாள். அப்படியென்றால் அது பென்சுக்குப் பிந்தியது. சவிரிமுத்தர் காரின் சில்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் அந்த இடத்தில் பேசாமல் இருந்திருக்கலாம். "பாத்தியளே, பிறகு வந்தவர்தான்" என்றேன்.

"அண்ணை, வருசத்தை விடுங்கோ" என்றார் அவர். "அந்த ஆள் யூதன். ஹிட்லற்ரை காலத்திலை கலைக்களஞ்சியக்காரருக்குக் கடிதம் போட்டவங்கள், கார் கண்டுபிடிச்சவர் எண்ட இடத்திலை மார்க்கூஸின்ரை பேரை எடு, பென்சையும் டைம்லரையும் போடு எண்டு. சிலையையும் பிடுங்கினவங்கள். சண்டை முடிஞ்ச பிறகுதான் திருப்பி வைச்சது."

"பேரை எடுத்தவங்கள் எண்டதுக்காகக் கார் முதல் ஓடினதாகாது. புத்தகத்திலை ஒரு பேர் இருந்தால் என்ன, எடுத்தால் என்ன?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. "யாழ்ப்பாணத்து ஆள் நீங்கள், நூலகம் எரிஞ்ச ஊர். இந்தக் கேள்வியை நீங்கள் கேக்கக்கூடாது" என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போனார் என்றாலும் வீட்டுக்குப் போகிற ரெயில் ஒன்றுதானே. அதே பெட்டியில் எனக்கு எதிரே இரண்டு வரிசை தள்ளி இருந்தார். நான் விளம்பரங்களை வாசித்தேன், அவரும் வாசித்தார். ஃபாரஸ்ட் கேட்டில் இறங்கும்போது வாய்ப்பழக்கத்தில் "வாறன் அண்ணை" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக வருத்தப்பட்டதுபோல் விறுவிறென்று நடந்தார்.

வீட்டுக்கு வந்து கீர்த்தனனைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "தம்பி, இந்தச் சம்பந்தம் இனிச் சரிவராது. கலியாணத்தை நிப்பாட்டுவம்." நான் பெரிய வாக்குவாதத்தை எதிர்பார்த்தேன். அவன் போனிலிருந்து தலையை நிமிர்த்தி, "ஓகே அப்பா" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டான். தவமலரிடம் சொன்னேன். "சரி, நீங்கள் சொன்னால் சரி" என்றா. இத்தனை வருட வாழ்க்கையில் அவ ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லாமல் ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான். என் முடிவு எவ்வளவு சரியானது என்பதற்கு அதுவே அத்தாட்சி என்று எடுத்துக்கொண்டேன். சவிரிமுத்தரும் தன் வீட்டில் இப்படியே சொல்லிவிட்டதாகப் பிறகு அறிந்தேன்.

ஆனால் வீட்டில் துக்கம் இருக்கத்தான் செய்கிறது அத்தான். தகப்பன் என்ற முறையில் அது எனக்குத் தெரியாமல் இல்லை. கீர்த்தனன் விடிந்தால் ஜிம்முக்குப் போகிறான், நல்லாக மெலிந்துவிட்டான். கோட் ஒன்றைத் தையல்காரனிடம் இடுப்பளவு குறைக்கக் கொடுத்திருக்கிறான், பாவம். தவமலர் சனிக்கிழமை தவறாமல் ஈஸ்ட் ஹாமுக்குப் போய், சேலைப் பெட்டிகளோடு திரும்பி வருகிறா. மனம் ஆறட்டும் என்று நான் ஒன்றும் கேட்பதில்லை. போன கிழமை ஒரு பெடியன் வந்து வாசல் நிலையை நாடாவால் அளந்துகொண்டு போனான், கவுன்சில் ஆள் என்று நினைக்கிறேன்.

ஒன்றையும் மறைக்கக்கூடாது என்று தொடங்கியபடியால் இதையும் எழுதவேண்டும். சவிரிமுத்தர் சொன்ன விஷயத்தை நான் நூலகத்தில் போய்த் தேடிப் பார்த்தேன். உண்மைதான். கடிதம் போட்டதும் உண்மை, சிலையைப் பிடுங்கியதும் உண்மை. மியூசியத்தில் நான் அப்படிக் கேட்டிருக்கத் தேவையில்லை. மன்னிப்பு என்ற வார்த்தை எனக்கு வாயில் வராது என்பது அக்காவுக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆகவே வாயால் சொல்லாமல் ஒரு செயலால் காட்டலாம் என்று யோசித்தேன். எசெக்ஸ் வெள்ளைக்காரரைக் கூப்பிட்டு, அந்த மூன்று சில்லுக் காரை ஞாயிற்றுக்கிழமை ஃபாரஸ்ட் கேட்டுக்குக் கொண்டுவரச் சொன்னேன். பூசை முடிந்து சவிரிமுத்தர் வெளியே வரும்போது கார் கோயில் வாசலில் நிற்கும், நான் இறங்கிக் கதவைத் திறந்து அவரை முன்னால் ஏற்றுவேன், ஒன்றும் கதைக்காமலே விளங்கிவிடும் என்பது திட்டம். அந்தக் காருக்குக் கதவே இல்லை என்பது பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

வெள்ளைக்காரர் வண்டியை ட்ரெயிலரிலிருந்து இறக்கி, பின்னால் இருக்கிற பெரிய சில்லைக் கையால் சுழற்றினார். எஞ்சின் நன்றாகத்தான் பிடித்தது. ஒரு உரல் இடிக்கிற சத்தம். நான் அவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். சனம் ஜன்னலைத் திறந்து பார்த்தது. எனக்கு உண்மையில் மிகச் சந்தோசமாக இருந்தது. ஸ்டேஷனடிப் பாலத்து ஏற்றம் வரையில்தான். நடந்துபோனால் அங்கே ஏற்றம் இருப்பதே தெரியாது. வண்டிக்குத் தெரிந்துவிட்டது. பெல்ட் வழுக்கியது, எஞ்சின் இரண்டு தரம் இருமியது, நின்றுவிட்டது. பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் இன்னொரு பஸ். வெள்ளைக்காரர் இறங்கி எண்ணெய்க் குழாயைத் தட்டிக்கொண்டிருக்க, நான் முழங்காலோடு அந்த உயரத்திலிருந்து தனியாக இறங்க ஏலாமல் மேலேயே இருந்தேன். பூசையும் முடிந்தது. மன்னார், யாழ்ப்பாணம், எல்லா ஊர்ச் சனமும் கோயிலுக்கு உடுத்த நல்ல உடுப்போடு பாலத்தால் வருகிறார்கள். எல்லோருக்கும் நான் யாரென்று தெரியும்.

சவிரிமுத்தர் வந்தார். வெள்ளைச் சேர்ட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டே வந்தார். பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார். அவரோடு இன்னும் இரண்டு பேர் பிடித்தார்கள்.

"அண்ணை, அந்தக் கைபிடியை நேராப் பிடியுங்கோ. பஸ் முந்தப் பாக்குது."

"பிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்."

"மற்றப் பக்கம் அண்ணை, மற்றப் பக்கம்."

பாலத்து உச்சி வந்தது. வண்டி தானாக இறக்கத்தில் உருளத் தொடங்கியது, எஞ்சினும் பிடித்துக்கொண்டது, வெள்ளைக்காரர் ஓடி வந்து என் பக்கத்தில் தாவி ஏறிக்கொண்டார். நான் திரும்பி, யோசித்து வைத்திருந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சவிரிமுத்தர் மூச்சு வாங்கிக்கொண்டு, எல்லோரும் கேட்கத்தக்கதாகச் சொன்னார்: "உங்கடை பென்சும் எங்கடை மார்க்கூஸ் மாதிரித்தான் அண்ணை. பின்னாலை ஆள் வேணும்."

பாலம் முழுக்கச் சிரித்தது. வெள்ளைக்காரர் பாஷை விளங்காமலே சிரித்தார். நான் அந்த நிலையில் உருண்டுகொண்டு போய்விட்டேன். நிறுத்துவதற்கு அந்த வண்டியில் வழி இருந்தது, ஆனால் நான் நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு மனுசன் நல்ல எண்ணத்தோடு வாசலுக்கு வருகிறபோது அவனைப் பாலத்தில் வைத்துப் பகிடி பண்ணுகிற குடும்பத்தோடு எங்களுக்குச் சம்பந்தம் பொருந்தாது என்பதை நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள். ஆகவே முடிவு முடிவுதான். ஷெறோன் பிள்ளைக்கு நல்ல இடத்தில் அமையட்டும். கீர்த்தனனுக்கு ரொறன்ரோப் பக்கம் ஏதும் இருந்தால் அக்காவை மெதுவாக விசாரித்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஆனால் கார் பற்றிக் கதைக்கிற குடும்பமாக இருக்கவேண்டாம்.

அக்காவை மருந்தை நேரத்துக்கு எடுக்கச் சொல்லவும். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். தாங்களும் அக்காவும் நோய்நொடியின்றி நீண்டகாலம் வாழ மேலே இருப்பவரை வேண்டிக்கொண்டு நிறுத்துகிறேன்.

தங்கள் கீழ்ப்படிவுள்ள மைத்துனன்,
தி. தில்லையம்பலம்

பி.கு.: தபால் முத்திரை தேடி மேசை லாச்சியைத் திறந்துகொண்டிருந்த நேரத்தில் தவமலர் இந்தக் கடிதத்தை எடுத்து நின்றபடியே வாசித்துவிட்டா. வாசித்து முடித்து, "இஞ்சருங்கோ, ஆருக்கு இதை அனுப்பப்போறியள்? அத்தானும் மச்சாளும் வியாழக்கிழமை ஹீத்ரோவிலை வந்து இறங்கினம்" என்றா. உங்கள் டிக்கெட்டைக் கீர்த்தனன் மாசி மாதமே எடுத்துவிட்டானாம். நீங்கள் எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கலியாணம் நிற்கவே இல்லையாம். அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது, அதில் என் பெயரும் சவிரிமுத்தர் பெயரும் ஒரே வரியில் இருக்கின்றன. வாசலை அளந்தவன் தோரணக்காரன். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "நீங்கள் ரெண்டு பேரும் கதைக்காமல் இருந்த கிழமைகளிலைதான் எங்களுக்கு வேலை நடந்தது" என்றா.

அப்போதுதான் ரெலிபோன் அடித்தது. சவிரிமுத்தர். "அண்ணை, கலியாணம் நடக்குதாம். உங்களுக்குத் தெரியுமே?" என்றார். இப்போதுதான் தெரியும் என்றேன். தனக்கும் இப்போதுதான் என்றார். லண்டன் முழுவதிலும் கலியாணம் நின்றுவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். பிறகு, மார்க்கூஸின் பெயரைப் புத்தகத்திலிருந்து எடுத்தது பெரிய பிழை, நான் மியூசியத்தில் கேட்டதும் பிழை என்று சொன்னேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. "வருசம் பிழைதான் எண்டு நானும் ஒத்துக்கொள்ளுறன் அண்ணை. கனகாலமாப் பிழையாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சிட்டன்" என்று அவரும் சொன்னார்.

ஆகவே இந்தக் கடிதம் இனித் தபாலுக்கு இல்லை. எழுதியதை எறிய மனமில்லாததால் ஹீத்ரோவில் கையில் தருகிறேன். மேலே உள்ளதை விட்டுவிட்டு இங்கிருந்து வாசிக்கவும். ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் ஆதரவு தேவை. பிள்ளைகள் மண்டபத்துக்கு எலெக்ட்ரிக் காரில் வரப்போகிறார்களாம். பெற்றோலும் இல்லை, சத்தமும் இல்லை. அப்படியென்றால் மாப்பிள்ளை வந்தது சனத்துக்கு எப்படித் தெரியும் என்று சவிரிமுத்தரிடம் கேட்டேன். நாங்கள் இரண்டு பேரும் காருக்கு முன்னால் கதைத்துக்கொண்டு நடந்தால் போதும் என்கிறார்.